மஸ்கட்டுக்குச் சாட்சி தேடிப் போன ஆறு நாட்கள்

இதை எழுத வேண்டும் என்று நினைக்கத் தொடங்கி நான்கு வருடமாகிறது. ஒவ்வொரு தவக்காலத்திலும் நோட்டை எடுப்பேன். இரண்டு வரி எழுதியதும் கை நின்றுவிடும். கிழித்து அடுப்பில் போட்டுவிட்டு எழும்பிவிடுவேன். நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவள், எழுத்துப் பிழை வருமே என்பது ஒரு கூச்சம். அதைவிடப் பெரிய காரணம் வேறு. இதில் நடந்த தவறு பிறருடையது மட்டும்தான் என்று எழுதினால் அது பொய். என்னுடையது என்று எழுதப் பயமாக இருந்தது. இந்த வருடம் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன். "எனக்கிட்ட சொல்லியாச்சுல்லா அம்மா, ஊருக்கும் சொல்லிருங்க" என்றார். சொல்கிறேன்.

எங்கள் ஊர் இனயம், கன்னியாகுமரிப் பக்கத்து மீன்பிடிக் கடற்கரை. என் மகன் ஜெனிஸ் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக்காக ஒன்பது வருடம் இருந்தான். அவன் அப்பா இறந்த பிறகு, வீட்டில் தனியாக இருந்து அழ வேண்டாம் என்று என்னை இரண்டு மாதம் அங்கே அழைத்துக்கொண்டு போனான். லீவுக்கு அவனும் என்னோடு சேர்ந்து ஊர் திரும்பினான். அந்த விமானத்தில்தான் அது நடந்தது.

மழைக்காலம். பகல்தான், ஆனால் ஜன்னலுக்கு வெளியே ஒரே வெள்ளை. விமானம் வள்ளம் மாதிரி ஆடத் தொடங்கியது. எல்லோரும் பெல்ட் போடுங்கள் என்று அறிவித்துவிட்டுப் பணிப்பெண்களும் போய் உட்கார்ந்துவிட்டார்கள். எங்கள் கடற்கரையில் காற்று மாறினால் வள்ளத்தில் இருப்பவர்கள் ஜெபமாலை சொல்வார்கள். வாய்க்குள் அல்ல. ஒருவர் முதல் பாதியைச் சொல்ல, மற்றவர்கள் மறுபாதியைச் சொல்வார்கள், காற்றுக்கு மேலே கேட்கிற மாதிரி. நான் என் வீட்டுக்காரருடைய ஜெபமாலையை எடுத்து முதல் பாதியைச் சொன்னேன். ஜெனிஸ் மறுபாதியைச் சொன்னான். எங்களுக்கு அது சத்தமாகவே தோன்றவில்லை.

முன் இருக்கையில் இருந்தவர் திரும்பினார். ஐம்பது வயது இருக்கும். பேச்சைக் கேட்டதும் எங்கள் மாவட்டத்துக்காரர்தான், உள்நாட்டுப் பக்கம் என்று தெரிந்துவிட்டது.

"எம்மா, இது ஒங்க வள்ளமா? சாவ முன்னாடியே ஒப்பாரி வைக்கியளே. நிறுத்தும்."

நான் நிறுத்தவில்லை. பயத்தில் நிறுத்த முடியவில்லை.

"கடக்கரைக்காரங்களுக்கு எங்க போனாலும் மீன்சந்தைதான்" என்று சொல்லிக்கொண்டே பெல்ட்டைக் கழற்றி எழுந்து, இருக்கைக்கு மேலாகக் கையை நீட்டி ஜெபமாலையைப் பிடித்து இழுத்தார். அது அறுந்தது. பாதி என் கையில், பாதி அவர் கையில். ஜெனிஸ் எழும்பி அவர் மணிக்கட்டைப் பிடித்தான். "சார், தாங்க. அது எனக்க அப்பாவுக்குள்ளது" என்றான். அப்போது விமானம் பள்ளத்தில் இறங்கின மாதிரி ஒரே இறக்கமாக இறங்கியது. ஜெனிஸ் தன் இருக்கையில் விழுந்தான். அவர் நடைபாதையின் அந்தப் பக்கம் போய் இருக்கையின் கைப்பிடியில் முகத்தை இடித்தார். உதடு கிழிந்தது. ஒரு பல் போய்விட்டது.

அவ்வளவுதான் நடந்தது. என் மகன் கையைப் பிடித்தான். அடிக்கவில்லை. சுற்றி இருந்தவர்கள் ரத்தத்தைப் பார்த்தார்கள், அதற்கு முன்னால் நடந்ததைப் பார்க்கவில்லை.

கேரளத்து விமான நிலையத்தில் இறங்கினதும் எங்களை ஒரு அறையில் உட்கார வைத்தார்கள். அவர் வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு எதிரே இருந்தார். அடித்துவிட்டான் என்று எழுதிக் காட்டினார். என்ன நடந்தது என்று அதிகாரி ஜெனிசிடம் மலையாளத்தில் பொறுமையாகத்தான் கேட்டார். அங்கேதான் நான் இடையில் புகுந்தேன்.

எங்கள் ஊரில் சண்டை வந்தால் தீர்க்கிற முறை ஒன்று உண்டு. கோயில் கமிட்டி அறையில் இரண்டு கூட்டரையும் உட்கார வைப்பார்கள். யார் முதலில் கைநீட்டியது என்று யாரும் கேட்க மாட்டார்கள். காயம் படாத கூட்டத்தில் மூத்தவர் எழும்பி மன்னிப்புக் கேட்பார். இரண்டு பேரும் நோட்டில் கையெழுத்து வைப்பார்கள், ஒப்பு போடுவது என்போம். ஒரே பாத்திரத்தில் இருந்து சாயா ஊற்றிக் குடிப்பார்கள். மறுநாள் ஒன்றாகக் கடலுக்குப் போவார்கள். மன்னிப்புக் கேட்டவர் குற்றவாளி என்று ஊரில் ஒருவரும் நினைப்பதில்லை. அவர்தான் பெரிய மனிதர் என்பார்கள். ஐம்பத்தெட்டு வருடமாக நான் பார்த்த நியாயம் அது ஒன்றுதான்.

நான் எழும்பி அந்த மனிதரைக் கும்பிட்டேன். "எனக்க பிள்ளை செய்ததை மன்னிச்சிருங்க" என்றேன். ஜெனிசிடம், "ஒரு மன்னிப்பு எழுதி ஒப்பு போடு மக்கா, சோலி தீரட்டும்" என்றேன்.

"அம்மா, நான் அடிக்கல்லியே."

"அடிச்சியான்னு நான் கேட்டனா? அவருக்க வாயில ரெத்தம் வருது. அப்பா இருந்தா இதைத்தான் சொல்லியிருப்பாரு."

அப்பாவின் பெயரைச் சொன்னதும் அவன் பேனாவை எடுத்துவிட்டான். கை நீட்டியதற்கு மன்னிக்க வேண்டும் என்று எழுதினான். "எழுதுவது என்ன என்று தெரிந்துதான் எழுதுகிறாயா?" என்று அந்த அதிகாரி இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் "தெரியும் சாரே" என்று சொன்னது நான்.

வழக்கு வந்தது. பாஸ்போர்ட்டைக் கோர்ட்டில் கொடுக்க வேண்டியதாயிற்று. விமானக் கம்பெனியின் விசாரணைக் குழுவும், அவனே ஒத்துக்கொண்டிருக்கிறான் என்று எழுதி, இனி ஏற்ற மாட்டோம் என்று கடிதம் அனுப்பியது. மஸ்கட்டில் இருந்து ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் அங்கே தங்குகிற அனுமதி தானாகப் போய்விடும். வேலையும் அதோடு போகும். வக்கீல் கடிதத்தைப் படித்துவிட்டு, "அவன் ஒத்துக்கொண்டு எழுதினதை மாற்ற இனி ஒருவரால்தான் முடியும், அடிபட்டவரே சொல்ல வேண்டும்" என்றார். அதற்குள் நான்கு மாதம் முடிந்திருந்தது.

அந்த மனிதரின் பெயரை ஞானதாஸ் என்று வைத்துக்கொள்கிறேன். உண்மைப் பெயர் அதுவல்ல. அவர் வீடு மார்த்தாண்டத்துக்கு வடக்கே ஒரு ரப்பர் தோட்டத்தோரம். போனேன். அவர் மனைவி கதவைப் பாதி திறந்து, அவர் லீவு முடிந்து மஸ்கட் போய்விட்டார் என்றார். நான் அழாமல் நின்றேன். அந்த அம்மாள் உள்ளே போய் ஒரு துண்டுச் சீட்டைக் கொண்டுவந்து கையில் திணித்தார். மஸ்கட்டில் ரூவி என்ற இடத்தில் அவர் வேலை செய்கிற கடையின் விலாசம். "நான் தந்தேன்னு பறையாதீங்கோ" என்றார். கர்த்தர் அந்த வீட்டை ஆசீர்வதிக்கட்டும்.

ஜெனிசால் போக முடியாது. நான் போனேன்.

புதன்கிழமை விமானத்தில் என் பக்கத்தில் ஒரு மலையாளி நர்ஸ். தட்டில் தந்த சோற்றில் உப்பும் இல்லை, எரிவும் இல்லை. பன்னை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை மூடினேன். விமானம் ஆடத் தொடங்கினதும் என் உதடு அசைவதை அவள் பார்த்துவிட்டாள். "சத்தமாகவே சொல்லுங்கள் அம்மச்சி, எனக்கும் பயம்தான்" என்றாள். வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை கோயிலுக்கு வெளியே எனக்குச் சத்தமாக ஜெபிக்க வரவில்லை.

மஸ்கட்டில் எங்கள் தெருவைச் சேர்ந்த பிள்ளை பிலோமி இருக்கிறாள். ஒரு கிளினிக்கில் துப்புரவு வேலை. ஆறு பெண்களாக ஒரு வீட்டில் இருக்கிறார்கள். எனக்காகத் தன் கட்டிலைக் கொடுத்துவிட்டுத் தரையில் படுத்தாள். மரச்சீனிக் கிழங்கு அவித்து, சாளைக் கறி வைத்திருந்தாள். அந்த ஊர்ச் சாளைக்கு நெய் அதிகம், ஆனால் பனிக்கட்டியில் கிடந்து சவுத்துப் போயிருந்தது.

"எப்படி எக்கா இருக்கு?" என்றாள்.

"கறி நல்லாருக்கு. மீன்தான் செத்து ரொம்ப நாளாச்சு."

"ஏட்டி, கேட்டியளா? கட்டிலும் குடுத்து, கறியும் குடுத்து, பேச்சும் வாங்குதேன்" என்று மற்றப் பெண்களிடம் சொல்லிச் சிரித்தாள். நான்கு மாதத்துக்குப் பிறகு நானும் அன்றுதான் சிரித்தேன்.

வியாழக்கிழமை அவளுக்கு வேலை. ரூவிக்கு எந்தப் பஸ் என்று விளக்கமாகச் சொல்லி அனுப்பினாள். இங்கே பஸ்ஸில் நடத்துநர் இருப்பார், எம்மா இறங்கும் என்று கத்துவார். அங்கே ஓட்டுநர் ஒருவர்தான். பஸ்ஸுக்குள் பூசை நேரத்துக் கோயில் மாதிரி அமைதி. இறங்க வேண்டிய இடத்தில் யாரும் கத்தவில்லை. நான் இருந்துகொண்டே இருந்தேன். கடைசியில் கடல் தெரிந்தது, பயந்துபோய் இறங்கினால் மத்ரா மீன்சந்தை.

வழி தவறியும் பழகின இடத்துக்கே வந்துவிட்டேனே என்று இருந்தது. சந்தை என்றால் நம் ஊர்ச் சந்தை அல்ல. தரை ஆஸ்பத்திரி மாதிரி. நெய்மீனை வரிசையாக ஒரே பக்கம் தலை வைத்து அடுக்கியிருந்தார்கள். யாரும் யாரையும் திட்டவில்லை. துண்டு போடுகிற வங்காளத்து மனிதர் ஒருவர் என் முழியைப் பார்த்துக் கத்தியைக் கீழே வைத்தார். நான் சீட்டை நீட்டினேன். அவர் பக்கத்தில் இருந்த வெள்ளை உடைக் கிழவரிடம் காட்டினார். கிழவர் அரபியில் ஏதோ சொல்ல, வங்காளத்துக்காரர் எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் மாற்றிச் சொன்னார். "முதலில் உட்காரச் சொல்லு, முகத்தில் ரத்தமே இல்லை என்கிறார்." கைக்கடங்கின சின்னக் கிண்ணத்தில் கசப்புக் காப்பி தந்தார்கள், கூடவே பேரீச்சம்பழம். எதற்காக வந்தீர்கள் என்று கேட்டார்கள். மகனுக்காக என்றேன். கிழவர் அதற்கு மேல் கேட்கவில்லை. கடல்பக்கம் கையைக் காட்டி, தன் நெஞ்சில் வைத்துக்கொண்டார். என்ன பொருள் என்று எனக்குத் தெரியாது. டாக்ஸிக்காரரிடம் சீட்டைக் காட்டி ஏற்றிவிட்டார்கள்.

கடையைக் கண்டுபிடித்தேன். கட்டடச் சாமான் விற்கிற கடை. ஞானதாஸ் அங்கே கணக்கர். இரண்டு நாள் வெளியூர் வேலை, நாளைக்கு ஆராதனைக்கு வந்துவிடுவார் என்றான் கல்லாவில் இருந்த பையன்.

அங்கே வெள்ளிக்கிழமைதான் ஞாயிற்றுக்கிழமை. விடுமுறை அன்றுதான் என்பதால் சபைகள் எல்லாம் அன்று கூடுகின்றன. எங்கள் கத்தோலிக்கக் கோயிலும் ஞானதாஸ் போகிற புராட்டஸ்டண்ட் சபையும் பக்கத்துப் பக்கத்தில். காலைத் திருப்பலி கண்டு நற்கருணை வாங்கிவிட்டு, வெயிலில் அவர்கள் வாசலில் போய் நின்றேன். உள்ளே தமிழில் பாட்டு. நம் ஊரில் ஒரே தெருவில் இருந்தாலும் அந்த வாசலில் நான் நின்றதில்லை.

வெளியே வந்தவர் என்னைக் கண்டதும் வேதப் புத்தகத்தை இடது கைக்கு மாற்றினார். புதுப் பல் கட்டியிருந்தார்.

"நீங்களா? இஞ்ச எப்படி வந்திய?"

"ஒங்களைப் பாக்கத்தான் சார் வந்தேன்."

ஆட்கள் பார்க்கிறார்கள் என்று, பக்கத்தில் ஒரு சாயாக் கடைக்குக் கூட்டிப் போனார். எனக்கும் சேர்த்துப் பரோட்டா சொன்னார். கெட்ட மனிதர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பரோட்டாவை நான் தொடவில்லை.

"சார், அவன் அடிச்சானா? கர்த்தருக்க வீட்டுல இருந்து இப்பந்தான் எறங்கி வாறிய. சொல்லுங்க."

அவர் சாயாவை ரொம்ப நேரம் ஆற்றினார். பிறகு, "விழுந்ததுதான். வலியிலயும் வெப்ராளத்துலயும் அடிச்சான்னு எழுதிப்போட்டேன். மறுநாளே தோணிச்சு" என்றார்.

"அப்பம் மறுநாளே சொல்லியிருக்கலாமே."

"எப்படியம்மா சொல்ல? ஒங்க மவனே அடிச்சேன்னு ஒப்பு போட்டுட்டான். அதுக்கு மேல நான் விழுந்தேன்னு சொன்னா எனக்கல்லவா பைத்தியம்னு சொல்லுவாங்க? கள்ளப் புகார் குடுத்தேன்னு என்னைப் பிடிச்சா, எனக்க வேலை என்னாகும்?" சாயா கிளாசைத் தள்ளி வைத்தார். "ஒப்பு போடச் சொன்னது நான் இல்ல. நீங்க."

கடையில் எத்தனையோ பேச்சுச் சத்தம் இருந்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

கும்பிடக் கை எழும்பியது. மறுபடியும் மன்னிப்புக் கேட்கத்தான். கையை மேசைக்கு அடியில் கொண்டுபோய் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டேன். "சார், இந்தத் தடவை நான் மன்னிப்புக் கேக்க வரல்ல. நடந்ததை நடந்தபடி ஒரு பேப்பர்ல எழுதித் தாங்க. அதுக்காக்கும் வந்தேன்" என்றேன்.

யோசித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை அலுவலகம் திறக்கும், எழுதிக்கொண்டு வருகிறேன் என்றார். பரோட்டாவைப் பொதிந்து என் கையில் தந்தார்.

சனிக்கிழமை முழுதும் பிலோமியின் வீட்டில் ஜெபமாலையைக் கோத்தேன். அவர் கையில் இருந்த பாதியும் விமானத்தில் சிதறியிருந்தது, பொறுக்கினதில் ஏழு மணி கிடைக்கவில்லை. அந்த ஏழு இடத்திலும் முடிச்சுப் போட்டேன். வெளியே தெருவில் ஒரு காக்கை கூட இல்லை. வெயில் மட்டும் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை ஞானதாஸ் சொன்ன நேரத்துக்கு வந்தார். சான்றொப்பம் செய்து தருகிற அலுவலகத்தில் வரிசையில் இருந்தோம். பிலோமி அரைநாள் லீவு போட்டு வந்திருந்தாள், அவளுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியும். தாளை அவளிடம் கொடுத்தார். அவள் வாசித்து, மறுபடியும் வாசித்து, என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"எக்கா, இதுல விழுந்தேன்னு இல்ல. 'என்னை அடித்த இளைஞனை அவனது தாயாரின் கண்ணீரை முன்னிட்டு மன்னித்துவிட்டேன், வழக்கைத் தொடர விருப்பமில்லை'ன்னு எழுதியிருக்கு."

நான் அவரைப் பார்த்தேன். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "இது மதிம்மா, போதும். கேஸ் முடிஞ்சிரும். அவனும் வேலைக்கு வந்திருலாம், எனக்கும் கெடுதல் இல்ல. மன்னிப்புக் கேட்டிய, நான் மன்னிச்சிட்டேன். இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார்.

எங்கள் ஊர் கமிட்டி அறையாக இருந்தால் அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்தான். வரிசையில் எங்களுக்கு முன்னால் இரண்டு பேர்தான் இருந்தார்கள். ஜெனிசுக்கு இன்னும் ஐந்து வாரம் பாக்கி இருந்தது. இந்தத் தாளைக் கொண்டுபோனால் அவன் வேலை நிற்கும். வாங்கிவிடு என்று மனசு சொன்னது. அன்றைக்கு அந்த அறையில் அவனுக்காக என்னைப் பேச வைத்ததும் இதே மனசுதான். பிலோமியின் போனை வாங்கி அவனைக் கூப்பிட்டேன். தாளில் இருந்ததை அப்படியே சொன்னேன். "நான் ஒண்ணும் சொல்லமாட்டேன் மக்கா. நீ சொல்லு" என்றேன்.

அவன் பின்னால் கடல் இரைகிற சத்தம் கேட்டது.

"அம்மா, அடிச்சேன்னு ஒரு பேப்பர் கெடக்கு. இன்னொண்ணு வேண்டாம். நீ வா."

தாளை இரண்டாக மடித்து ஞானதாசிடமே கொடுத்தேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. "ஒங்களுக்குத் திமிரும்மா" என்றார். பிறகு டாக்ஸி வரும்வரை எங்களோடு வெயிலில் நின்றார். ஏன் நின்றார் என்று இன்றுவரை யோசிக்கிறேன். டாக்ஸியில் ஏறும்போது நான் ஒன்று சொன்னேன். "நான் ஒங்களை மன்னிச்சிட்டேன் சார். இது ஒப்பு போடுத மன்னிப்பு இல்ல."

திங்கட்கிழமை ஊர் வந்து சேர்ந்தேன். ஜெனிஸ் பஸ் நிறுத்தத்தில் நின்றான். பையை வாங்கிக்கொண்டு, "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டான். ஐந்து வாரம் போயிற்று. மஸ்கட் வேலை போயிற்று. அவன் படிப்பு முடித்ததும், இவன் கடலுக்கு வர வேண்டாம் என்று அவன் அப்பா விற்ற வள்ளத்திலேயே, அதை வாங்கின முதலாளியிடம் கூலிக்குப் போகிறான்.

வழக்கு போன வருடம் முடிந்தது. ஞானதாஸ் ஒரு வாய்தாவுக்கும் வரவில்லை. சாட்சி இல்லாததால் தள்ளுபடி என்று வக்கீல் தாளைக் காட்டினார். "இதுல அவன் அடிக்கல்லன்னு எழுதியிருக்கா சார்?" என்று கேட்டேன். "அப்படி எழுத மாட்டாங்கம்மா, நிரூபிக்கப்படலன்னுதான் இருக்கு" என்றார். விமானக் கம்பெனிக்கு எழுதினோம். கையெழுத்திட்ட கடிதம் இருக்கிறது என்று பதில் வந்தது.

ஊரில் கதை வேறு மாதிரி ஆகிவிட்டது. வள்ளத்துப் பையன்கள், "ஏலே, நம்ம ஜெனிஸ் ஆகாசத்துல வச்சு ஒருத்தனுக்க பல்லைப் பேத்தவனாக்கும்" என்று பெருமை பேசுகிறார்கள். கேட்கிறவர்கள் அவன் தோளில் தட்டுகிறார்கள். அவன் வலையைப் பார்த்துக்கொண்டு இருப்பான். கோர்ட்டுத் தாளில் இல்லை, கம்பெனித் தாளில் இல்லை, ஊர்ப்பேச்சிலும் இல்லை. நடந்தது இந்த நோட்டில் மட்டும்தான் இருக்கிறது.

அதனால் இதை வாசிக்கிறவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். பங்கு இதழில் போட்டாலும், போனில் அனுப்பினாலும், வாசித்துக் காட்டினாலும், எழுதியிருக்கிறபடியே கொடுங்கள். பிழையைக்கூடத் திருத்த வேண்டாம். அந்த மனிதரைக் கொடியவர் ஆக்காதீர்கள், அவர் பரோட்டா வாங்கித் தந்ததையும் வெயிலில் நின்றதையும் விட்டுவிடாதீர்கள். என் மகனை வீரன் ஆக்காதீர்கள். கையைப் பிடித்தான் என்று இருக்கிற இடத்தில் கையைப் பிடித்தான் என்றே இருக்கட்டும். எனக்கு இரக்கப்பட்டு, ஒப்பு போடு மக்கா என்று நான் சொன்ன வரியை யாரும் எடுத்துவிட வேண்டாம். அது இல்லாவிட்டால், அடிக்காத ஒருவன் ஏன் அப்படி எழுதிக் கொடுத்தான் என்று கேட்பவர்களுக்குச் சொல்ல அவனிடம் பதில் இருக்காது.